பதினொன்றரைப் பவுண்டு: அண்ணல் அம்பேத்கரின் அயல்நாட்டுப் படிப்பும் அதன் செலவுக் கணக்கும்

அண்ணல் அம்பேத்கர் லண்டனில் அப்பளத்தைத் தின்று பசியடக்கிப் படித்த செய்தி ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் நம் மேடைகளில் ஒலிக்கிறது. அதைக் கேட்கும் மாணவருக்கு ஊக்கம் பிறக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்செய்தியைச் சொல்லும் முறையில் ஒரு பிழை படிந்துவிட்டது. பட்டினியே அவரை உருவாக்கியது போலவும், ஏழை மாணவர் வயிற்றை இறுக்கிக்கொண்டால் அவரைப் போல் உயர்ந்துவிடலாம் என்பது போலவும் அது முடிகிறது. பாபாசாகேப் தம் மாணவப் பருவத்திலிருந்து எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது. 1913 முதல் 1923 வரையிலான அவருடைய வாழ்க்கையை வரவு செலவுக் கணக்காகப் படித்துப் பார்த்தால், அந்த முடிவுக்கு அவர் ஏன் வந்தார் என்பது விளங்கும்.

ஒப்பந்தத்தில் தொடங்கிய பயணம்

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்த பீமராவ், 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறினார். மகார் சமூகத்து மாணவர் ஒருவருக்கு அது அந்நாளில் அரிய நிகழ்வு. தந்தை ராம்ஜி இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனைக் கல்லூரிக்கு அனுப்பும் ஆசை அவருக்கு இருந்தது, பணம் இல்லை. ஆசிரியரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் எடுத்துச் சொன்னதால், மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பி.ஏ. தேர்வில் வென்றார்.

1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி காலமானார். குடும்பத்தின் சுமை தோளில் ஏறிய அதே ஆண்டில்தான் அமெரிக்கா செல்லும் வாய்ப்பும் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் படிக்க, மாதம் பதினொன்றரைப் பவுண்டு தர பரோடா அரசு இசைந்தது. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணியாற்ற வேண்டும். 1913 ஜூன் மாதம் அவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இத்தொகையின் மதிப்பை அக்காலக் கணக்கில் பார்க்க வேண்டும். அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். எனவே மாதம் ஏறத்தாழ 172 ரூபாய். அமெரிக்கப் பணத்தில் சுமார் 56 டாலர். பம்பாயின் ஒற்றை அறைக் குடியிருப்பில் வளர்ந்தவருக்கு அது பெரிய தொகை. நியூயார்க்கில் தனியே வாழும் மாணவருக்கு அது அளவான தொகை. அதிலிருந்தே ஊரிலுள்ள குடும்பத்துக்கும் பணம் அனுப்ப வேண்டியிருந்தபோது அது போதாத தொகையானது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் ஊரிலிருந்து வந்து சேரும்; இவரிடமிருந்து ஊருக்குப் போனது. முதல் தலைமுறையாகக் கடல் கடக்கும் ஒடுக்கப்பட்ட மாணவர் இன்றும் இந்தத் திசையிலேயே கணக்கெழுதுகிறார்.

நியூயார்க்: தங்குமிடமும் உணவும்

1913 ஜூலை மூன்றாம் வாரத்தில் 22 வயது அம்பேத்கர் நியூயார்க் வந்திறங்கினார். முதலில் தங்கியது பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதி. மாட்டிறைச்சி மிகுந்த விடுதி உணவு ஒத்துவராததால் ஒரு வாரத்தில் அங்கிருந்து வெளியேறி, மேற்கு 114ஆம் தெருவில் இந்திய மாணவர் சிலர் நடத்திவந்த காஸ்மாபாலிட்டன் கிளப் குடியிருப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் ஹாலில் நிலையாகத் தங்கினார். அங்கு அவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டவர் நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞர். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. பின்னால் வரப்போகும் கணக்கில் இப்பெயர் பலமுறை தலைகாட்டும்.

இடம் மாறிய இந்தச் சில வாரங்களைக் கருதிப் பார்க்க வேண்டும். தாய்நாட்டில் இவர் தங்குவதற்கு ஓர் அறை கேட்டால் முதலில் சாதியைக் கேட்பார்கள். நியூயார்க்கில் மூன்று இடங்களில் தங்கினார். உணவு பிடிக்கவில்லை என்ற எளிய காரணத்துக்காக ஓர் இடத்தை விட்டு நீங்கவும் முடிந்தது. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதன்முதலாக அவர் கைக்கு வந்தது. கருப்பின மக்கள் மீது நிறவெறி தாண்டவமாடிய நாடுதான் அது. ஆயினும் அவரைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கும் மனிதர் அந்த விடுதிகளில் இல்லை.

செலவைச் சுருக்க அவர் கண்ட வழி உணவைச் சுருக்குவது. ஒரு கோப்பைக் காப்பி, இரண்டு மஃபின் ரொட்டி, மீனோ இறைச்சியோ ஒரு தட்டு. இதற்கு ஒரு டாலர் பத்து சென்ட் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர் பதிவு செய்திருக்கிறார். பொழுதுபோக்குக்கென்று செலவில்லை. செலவு செய்த ஒரே இடம் பழைய புத்தகக் கடை. நியூயார்க்கை விட்டுப் புறப்படும்போது அவரிடம் ஏறக்குறைய 2,000 நூல்கள் சேர்ந்திருந்தன. அவற்றுள் பெரும்பகுதி பின்னர் அவர் கைக்கு வந்து சேரவேயில்லை.

மூன்றாண்டுக்கு மேல் ஒரு நாள்கூடத் தங்கப் பணம் இருக்காது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆகவே அவர் அந்த மூன்றாண்டுக்குள் அடக்கிய படிப்பின் அளவு வியப்புக்குரியது. பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பதிந்து படித்தார். எட்வின் செலிக்மன், ஜான் டூயி, ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், அலெக்சாண்டர் கோல்டன்வைசர் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. பட்டம். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் குறித்த கட்டுரையை வாசித்தார். சாதியின் தோற்றத்தையும் அது பரவிய முறையையும் அறிவியல் முறையில் ஆராய்ந்த அக்கட்டுரையை எழுதும்போது அவருக்கு வயது 25. உதவித்தொகை தீரப் போகும் நாள் ஒவ்வொன்றாக நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது அது.

லண்டன்: பாதியில் நின்ற படிப்பு

பரோடா அரசு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அளித்தது. 1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். நவம்பரில் வழக்கறிஞர் படிப்புக்காகக் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் பதிந்துகொண்டார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் செலுத்திய கட்டணம் 10 பவுண்டு 10 ஷில்லிங். அவருடைய ஒரு மாத உதவித்தொகையைவிட அது குறைவு. படிப்புக்கான கட்டணம் அன்று தடையாக இருக்கவில்லை. வாடகை, உணவு, போரினால் ஏறிய விலைவாசி, கப்பல் கட்டணம் ஆகியவையே ஒரு மாணவர் எத்தனை மாதம் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தன.

ஓராண்டு முடிந்தது, நீட்டிப்பும் முடிந்தது. ஆய்வு பாதியில் நின்றது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு 1917இல் கப்பலேறினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றிவந்த வேறொரு கப்பல் தாக்குதலில் மூழ்கியது. 1917 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் வந்து சேர்ந்தவரின் கையில் பரோடா செல்வதற்கான பயணச் செலவுகூட இல்லை. மூழ்கிய பெட்டிகளுக்காக தாமஸ் குக் நிறுவனம் தந்த 600 ரூபாய் இழப்பீடுதான் அவரைப் பரோடாவுக்குக் கொண்டு சேர்த்தது.

பரோடாவில் கிடைக்காத அறை

அயல்நாட்டுக்குச் செல்லும் மாணவர் புறப்படுமுன் முதலில் கேட்கும் கேள்வி, போய் இறங்கியதும் எங்கே தங்குவது என்பது. நியூயார்க்கிலும் லண்டனிலும் விடை கிடைத்த அக்கேள்விக்குப் பரோடாவில் விடை கிடைக்கவில்லை. கொலம்பியாவில் படித்து, லண்டனில் ஆய்வு செய்து, மன்னரின் அரசில் உயர்பதவி ஏற்க வந்தவருக்கு அந்நகரத்து இந்து விடுதிகள் இடம் தரா என்பது இரயிலைவிட்டு இறங்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் பழகிய நண்பர்களின் வீடுகள் அங்கு இருந்தன. அவர்கள் வீட்டாரின் மனநிலை எப்படியிருக்கும் என்ற தயக்கம் அவரைத் தடுத்தது.

இறுதியில் பார்சிகளுக்கான ஒரு சத்திரத்தில் பார்சிப் பெயரொன்றைப் பதிந்து தங்கினார். மேல்மாடியில் அவரைத் தவிர வேறு எவரும் இல்லை. உடைந்த பொருட்கள் குவிந்து கிடந்த, வெளிச்சமில்லாத அவ்விடத்தில் இரவைக் கழித்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கூட அவர் கையில் கோப்பைக் கொடுக்காமல் மேசை மேல் எறிந்தார். பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளுடன் ஒரு கும்பல் மாடியேறி வந்து, சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகச் சொல்லி, மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டியது. அன்று நண்பர் இருவரை அணுகினார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார்.

விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற தம் நினைவுக் குறிப்புகளில் இந்த நிகழ்ச்சியை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டிய விசா குறித்து அதில் எதுவுமில்லை. சொந்த நாட்டின் ஊர்களுக்குள், வண்டிகளுக்குள், விடுதிகளுக்குள் நுழைய அனுமதி இல்லாத மனிதரைப் பற்றிய நூல் அது.

பரோடாவில் வேலை போனதால் பத்தாண்டுப் பணி என்ற ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. செலவிட்ட தொகையைத் திருப்பித் தருமாறு பரோடா அரசு பிற்காலத்தில் அவரைக் கேட்டது. தங்க ஓர் அறைகூடத் தராமல் அவரை விரட்டிய சமூகம் எந்தக் கணக்கிலும் கடனாளியாகக் காட்டப்படவில்லை. உதவித்தொகைக்கு விதிக்கப்படும் நிபந்தனைகள் எப்போதும் மாணவரை மட்டுமே கட்டுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் பயணம்: சேமிப்பும் கடனும்

பம்பாயில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தார். வணிக ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அங்கும் சக ஆசிரியர்கள் சிலர், தமக்கென வைத்திருந்த பானையில் அவர் நீர் அருந்துவதை எதிர்த்தனர். அவர் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் எளிய இருப்பிடத்திலேயே தொடர்ந்து வாழ்ந்தார். வீட்டுச் செலவுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை ரமாபாயிடம் கொடுத்துவிட்டு, மீதியை லண்டனுக்காகச் சேர்த்தார்.

இந்தச் சேமிப்பின் மறுபக்கத்தை ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கையில் காணலாம். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் குடும்பத்தின் பசியையும் நோயையும் தனியே தாங்கியவர் அவர். அத்தம்பதியருக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். ஒருவரின் பட்டத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை எந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். கையிலிருந்த சேமிப்பு போதவில்லை. நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் பொருளுதவி செய்தார். ஜூலையில் மீண்டும் லண்டன் புறப்பட்டார். இம்முறை மாதந்தோறும் வந்து சேரும் உதவித்தொகை எதுவுமில்லை. கையிலுள்ள தொகை முடியும் நாளே படிப்பு முடியும் நாள்.

வட லண்டனில் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீடு அவருடைய தங்குமிடமாயிற்று. காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பைப் போவ்ரில் என்ற இறைச்சிச் சாறு. அதன்பின் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். கதவு திறக்கும்போது நுழைந்தால் மூடும்போதுதான் வெளியே வருவார். பகல் உணவுக்குப் பணமுமில்லை, நேரமுமில்லை. இரவு பசித்தால் அறிமுகமானவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளத்தில் நான்கைப் பொரித்து, மீண்டும் ஒரு கோப்பைப் போவ்ரிலுடன் முடித்துக்கொள்வார். நம் மேடைகளில் சொல்லப்படும் அப்பளக் கதை இதுதான். ஆறு அல்லது ஏழு ஆண்டு வேலையை மூன்றாண்டில் முடிக்க வேண்டியிருந்தவரின் உடலிலிருந்து பிடுங்கப்பட்ட விலை அது.

ரூபாயின் வீழ்ச்சி

இந்தக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் இந்திய ரூபாயின் நாணய மாற்றுச் சிக்கல். அதே சிக்கல் வெளியே நடந்துகொண்டிருந்தது. 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாயின் மதிப்பு இரண்டு ஷில்லிங்கையும் தாண்டி ஏறியிருந்தது. அரசு அதை இரண்டு ஷில்லிங் பொன் மதிப்பில் நிறுத்த முயன்று தோற்றது. 1921இல் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்னிக்கும் கீழே விழுந்திருந்தது.

பத்தேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்றால் அது 500 பவுண்டு. ஒரு ஷில்லிங் நான்கு பென்னி என்றால் 333 பவுண்டு. இந்திய ரூபாயை நம்பி லண்டனில் வாழ்ந்த ஒவ்வொரு மாணவரின் பையிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கு, அவர் எதையும் செலவழிக்காமலேயே மறைந்துபோனது. வணிகரையும் உழவரையும் ஆட்டிவைத்த நாணயக் கொள்கையை அவர் ஆராய்ந்தபோது, அதன் விளைவு அவருடைய வாடகைச் சீட்டிலும் எழுதப்பட்டிருந்தது. 1921 செப்டம்பரில் அவர் சாகு மகராஜுக்கு எழுதிய கடிதத்தில் 200 பவுண்டு கடன் கேட்டார். வழக்கறிஞர் படிப்புக் கட்டணத்துக்கும் ஊர் திரும்பும் பயணத்துக்கும் அப்பணம் தேவைப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் சாகு மகராஜ் மறைந்தார். பொருளுதவி செய்தவரை மட்டுமின்றி, தம் போராட்டத்தில் தோள்கொடுத்த ஒருவரையும் அவர் இழந்தார்.

1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். 1922இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய முனைவர் ஆய்வேட்டை அளித்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் நிதிக் கொள்கை மீதான அதன் கடுமையான விமர்சனத்தைத் தேர்வாளர் ஏற்கவில்லை. திருத்தி எழுதித் தருமாறு கூறினர். திருத்துவதற்கு அறிவு இருந்தது; லண்டனில் இருந்து திருத்தப் பணம் இல்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். அங்கிருந்தே திருத்தி ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் வழங்கப்பட்டது.

பட்டங்களுக்குப் பின்னும் செலவு தொடர்ந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்வதற்கான சன்னது பெறக் கட்டணம் செலுத்த அவரிடம் பணமில்லை. அதற்கும் 500 ரூபாய் கொடுத்தவர் நவல் பத்தேனாவே. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டத்துக்கு ஆய்வேட்டை அச்சிட்டு அளிக்க வேண்டும் என்பது விதி. 1917லேயே முடிந்த ஆய்வு 1925இல்தான் நூலாக அச்சேறியது. 1927இல் பட்டம் முறைப்படி கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அந்நூலைத் தம் கல்விக்கு உதவிய சாயாஜிராவ் கெய்க்வாட்டுக்கே அவர் உரிமையாக்கினார். பரோடா நகரம் தமக்குச் செய்ததை அவர் மறக்கவில்லை. மன்னர் செய்த உதவியையும் மறக்கவில்லை.

அவர் எடுத்த முடிவு

இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். ஒரு மன்னரின் பரிவு, இன்னொரு மன்னரின் நட்பு, ஒரு நண்பரின் கடன், ஓர் ஆசிரியரின் பரிந்துரை, ஒரு பெண்ணின் பட்டினி, மூழ்கிய பெட்டிக்குக் கிடைத்த இழப்பீடு. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவராகப் பின்னாளில் நாம் கண்ட மனிதர் உருவாகியிருக்க மாட்டார். இத்தனை தற்செயல்கள் ஒருவருக்கு வாய்த்தன. வாய்க்காமல் போனவர் எத்தனை பேர் என்பதை வரலாறு எண்ணி வைக்கவில்லை.

இதை அவர் அறிந்திருந்தார். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அவ்வாண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் விரிவான மனு அளித்தார். உயர்கல்வி உதவித்தொகையும் வெளிநாட்டுப் படிப்புக்கான நிதியும் அம்மனுவின் முக்கியக் கோரிக்கைகள். பனாரஸ், அலிகர் பல்கலைக்கழகங்களுக்கு அரசு இலட்சக்கணக்கில் கொடுக்கும்போது, ஒடுக்கப்பட்டோர் கல்விக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்கள் அரசுச் செலவில் இங்கிலாந்து சென்று படித்தனர். மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியதும் இதே காலத்தில்தான்.

அப்பளம் தின்று படித்தவர், அடுத்த தலைமுறையும் அப்பளம் தின்று படிக்கட்டும் என்று அறிவுரை கூறவில்லை. அரசின் கருவூலத்தைத் திறக்கச் செய்தார். வள்ளலின் கருணையாக இருந்ததைக் குடிமகனின் உரிமையாக மாற்றியதே அவர் தம் பட்டினியிலிருந்து கற்ற பாடம்.

இன்றைய கணக்கு

அந்தப் பாதையின் தொடர்ச்சியாக ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் பட்டியல் சாதியினருக்கு 115. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருந்தால் வழங்கப்படலாம் என்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, சேர வேண்டிய நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இச்சொற்கள் என்ன பொருள் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொகையைப் பார்ப்போம். பிரிட்டனில் படிப்போருக்கு இத்திட்டத்தின் கீழ் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு. மாதத்துக்கு 825 பவுண்டு. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் விசா விதியோ, லண்டனில் படிக்கும் மாணவருக்கு மாதம் 1,483 பவுண்டு தேவை என்று கணக்கிட்டது. ஒன்பது மாதத்துக்கு அது 13,347 பவுண்டு. ஒரு மாணவர் வாழ இவ்வளவு வேண்டும் என்று அந்நாட்டு அரசே வரையறுத்த தொகைக்கும் நம் அரசு தரும் தொகைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? இங்கிலாந்தில் வீட்டு முன்பணம் ஐந்து வார வாடகை வரை போகலாம். முதல் தவணை வருமுன் அதைக் கட்ட வேண்டும். அந்நாட்டில் வசிக்கும் பிணையாளர் வேண்டும் என்று கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவை சிறு தடைகள். சேரியிலிருந்து முதன்முதலாகப் புறப்படும் மாணவருக்கு இவை மதில்கள். நவல் பத்தேனா போன்ற ஒரு நண்பர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பணத்தைவிடக் கொடிய தடை ஒன்று 2022இல் வந்தது. அவ்வாண்டு வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் படிப்போரை இத்திட்டத்திலிருந்து விலக்கின. அந்த நெறி 1916இல் இருந்திருந்தால், கோல்டன்வைசர் கருத்தரங்கில் சாதியை ஆராய்ந்த மாணவர் உதவித்தொகைக்குத் தகுதியற்றவர். சாயாஜிராவ் என்ற மன்னர்கூட, சாதியை ஆராயாதே என்று தம் மாணவர் கண்ணைக் கட்டவில்லை. மக்களாட்சியின் அரசு கட்டுகிறது.

தமிழ்நாட்டு அரசு அண்ணல் அம்பேத்கரின் பெயரிலேயே அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அது வரவேற்கத்தக்கது. அதையும் நாம் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். மாணவர் விமானமேறுமுன் பணம் கைக்கு வருகிறதா? நாணய மதிப்பு விழும்போது தொகை உயர்கிறதா? ஆய்வேட்டைத் திருத்த ஆறு மாதம் கூடுதலாக வேண்டுமென்றால் நீட்டிப்புக் கிடைக்கிறதா? திரும்பி வருபவருக்கு வேலையும் மதிப்பும் காத்திருக்கின்றனவா? இவை நான்கும் பாபாசாகேப்பின் வாழ்க்கையிலேயே எழுந்த கேள்விகள். பட்டினியை மேடையில் பாராட்டுவது எளிது. இக்கேள்விகளை நிதிநிலை அறிக்கை வரும்போதும், தேர்வுப் பட்டியல் வரும்போதும், தவணை தாமதமாகும்போதும் எழுப்புவதே மாணவர் அமைப்புகளின் முன்னுள்ள பணி.